பனிச்சரிவு: மலைக்குப் போகும் முன்னும், ஒருவரை இழந்த பின்னும் - பேக்கன்ட்ரி ஸ்கீயிங்குக்கு ஒரு முழு வழிகாட்டி

2013 ஏப்ரல் 20, சனிக்கிழமை. கொலராடோவின் லவ்லேண்ட் கணவாய்க்கு அருகே ஷீப் க்ரீக் என்ற இடத்தில் ஆறு பேர் பனியில் நடந்துகொண்டிருந்தார்கள். பேக்கன்ட்ரி, அதாவது ரிசார்ட்டுக்கு வெளியே உள்ள மலையில், பாதுகாப்பாக இருப்பதைப் பற்றிப் பேசக் கூட்டப்பட்ட ஒரு சந்திப்புக்கு வந்தவர்கள். கையில் கருவிகள் இருந்தன. அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படித்திருந்தார்கள். எந்த மலைமுகம் ஆபத்தானது என்று பேசி, அதைத் தவிர்த்து அப்பால் உள்ள இடத்துக்குப் போகத் திட்டமிட்டிருந்தார்கள். அங்கே போக, அந்த மலைமுகத்தின் அடிவாரத்தைக் கொஞ்ச தூரம் கடக்க வேண்டியிருந்தது. இடைவெளி விட்டுத்தான் நடந்தார்கள். ஆனாலும் கீழே நடந்தவர்களின் எடையில், மேலே சுமார் 800 அடி அகலத்துக்குப் பனி உடைந்து இறங்கியது. ஆறு பேரும் அகப்பட்டார்கள். தேடுவதற்கு வெளியே ஒருவர்கூட மிச்சமில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். முகத்தைச் சுற்றிக் கொஞ்சம் பனியை விலக்க முடிந்த ஒருவர் மட்டும், மீட்புக் குழு வரும்வரை மணிக்கணக்கில் புதைந்து கிடந்து பிழைத்தார்.

டென்வரில் குடியேறி ஸ்கீயிங் பழகத் தொடங்கியபோது நான் முதலில் படித்த விபத்து அறிக்கை இதுதான். படித்த அன்று தூக்கம் வரவில்லை. ஒன்றும் தெரியாத யாரோ போய் மாட்டிக்கொண்ட கதை என்றால் நமக்கென்ன என்று இருந்திருப்பேன். இவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பேக்கன்ட்ரியில் இறப்பவர்களில் பலர் இப்படித்தான், விஷயம் தெரிந்தவர்கள். அதனால் இந்த வழிகாட்டியில் தகவலைவிடப் பழக்கங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் தப்பிப்பதைப் பற்றி. மீதி, தப்ப முடியாமல் போனபின் கூட இருந்தவர்கள் என்ன செய்வது என்பதைப் பற்றி. அந்த இரண்டாவது பாதியை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை.

பேக்கன்ட்ரி என்றால் ரிசார்ட்டின் எல்லைக்கு வெளியே, லிஃப்டும் காவலும் இல்லாத மலை. ரிசார்ட்டுக்குள் காலையிலேயே வெடி வைத்து ஆபத்தான பனியை இறக்கிவிடுகிறார்கள். வெளியே அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை.

முதலில், பனி ஏன் உடைகிறது

ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை பலகை வகை. சமையலறை மேடையைச் சாய்த்து வைத்து, அதில் சர்க்கரையைத் தூவி, மேலே ஒரு கடப்பைக்கல்லை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கல் நிற்கும். ஒரு மூலையில் விரலால் அழுத்தினால் அடியில் சர்க்கரை உருண்டு, கல் முழுவதும் ஒரே நேரத்தில் நழுவும். மலையில் அந்தக் கல்தான் காற்றாலும் புதுப்பனியாலும் இறுகிய மேல் அடுக்கு. சர்க்கரை என்பது குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்து, மெல்லிய படுகையாகக் கிடந்து, கடுங்குளிரில் ஒட்டும் தன்மையை இழந்து மணிமணியாக மாறிய பழைய பனி. கொலராடோவில் இதற்குச் சர்க்கரைப் பனி என்றே பெயர். இங்கே பனி ஆழம் குறைவு, குளிர் அதிகம். அதனால் நவம்பரில் உருவான அந்த அடுக்கு ஏப்ரல் வரைக்கும் அடியில் கிடக்கும். ஷீப் க்ரீக்கில் நடந்ததும் இதுவே.

இதில் மூன்று விஷயங்களை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. ஸ்கீ செய்ய ஆசை வரும் சாய்வும் அதேதான். 30க்குக் கீழே உள்ள சாய்வில், தலைக்கு மேல் செங்குத்தான எதுவும் இல்லாமல் இருந்தால், நீங்கள் பெரும்பாலும் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். இரண்டாவது, உடைப்பு தூரத்தில் இருந்தும் கிளம்பலாம். சமதளத்தில் நடக்கும் உங்கள் எடையில் ஏற்படும் விரிசல் பலவீனமான அடுக்கின் வழியே மேலே ஓடி, மலைமுகத்தைக் கழற்றிவிடும். மூன்றாவது, உயிர் போன விபத்துகளில் பத்தில் ஒன்பதில் பனியைக் கிளப்பியது செத்தவரோ அவருடைய கூட்டாளியோதான். இது மனதை உறுத்தும் செய்திதான், ஆனால் எனக்கு இதில்தான் நம்பிக்கையும் இருக்கிறது. நாம் கிளப்புவது என்றால், நாம் கிளப்பாமல் இருக்கவும் முடியும்.

முந்தைய இரவு: வீட்டிலேயே முடிவெடுப்பது

அமெரிக்காவில் வட்டாரவாரியாகப் பனிச்சரிவு மையங்கள் உண்டு. கொலராடோவில் மாநில அரசின் தகவல் மையம், யூட்டாவில் யூட்டா மையம். கனடாவில் அவலாஞ்ச் கனடா, சுவிட்சர்லாந்தில் டாவோஸ் ஆய்வகம். எல்லாம் இலவசம். அறிக்கையில் 1 முதல் 5 வரை ஆபத்து நிலை போட்டிருக்கும்: குறைவு, மிதம், கணிசம், அதிகம், உச்சம்.

இந்த எண்களைப் பள்ளி மதிப்பெண் மாதிரி படிக்காதீர்கள். ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம் என்று மனம் சொல்லும். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஆபத்து படிப்படியாக ஏறுவதில்லை, தாவுகிறது. 3ஆம் நிலை என்றால், மனிதர் காலடி பட்டுப் பனி உடைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. உயிரிழப்புகள் அதிகம் நடப்பது இந்த மூன்றில்தான். நான்கில் ஜனங்கள் வீட்டில் இருக்கிறார்கள். மூன்றில் வானம் நீலமாக இருக்கும், முந்தின நாள்தான் புதுப்பனி விழுந்திருக்கும், எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை.

எண்ணோடு நிறுத்தாமல் அறிக்கையின் உள்ளே போங்கள். எந்தத் திசை பார்த்த மலைமுகம், எந்த உயரம், என்ன வகைப் பிரச்சினை என்று ஒரு வட்டப்படத்தில் காட்டியிருப்பார்கள். காற்றில் குவிந்த பனி என்றால் கண்ணால் பார்த்து ஓரளவு தவிர்க்கலாம். புதைந்து கிடக்கும் பலவீன அடுக்கு என்றால் கண்ணுக்குத் தெரியாது, முன்பே பத்துப் பேர் போன தடமும் எதையும் நிரூபிக்காது, பதினோராவது ஆளுக்கு உடையும். அந்த வகை அறிக்கையில் இருக்கும் நாட்களில் நான் 30 டிகிரியைத் தாண்டுவதில்லை. நண்பர்கள் சிலர் இதை அதிகப்படி என்பார்கள். இருக்கட்டும்.

அப்புறம் வரைபடம். சாய்வுக்கு நிறம் கொடுக்கும் டிஜிட்டல் வரைபடங்கள் இப்போது எல்லோரிடமும் உள்ளன. போகும் வழி மட்டும் சாய்வு குறைந்த நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அந்த வழிக்கு மேலே என்ன தொங்குகிறது, பனி இறங்கினால் எங்கே போய்க் குவியும் என்று விரலை வைத்துப் பாருங்கள். ஓடைப் பள்ளம், பாறை விளிம்பு, மரக்கூட்டம் உள்ள இடங்களில் சின்னச் சரிவுகூடக் கொல்லும். பள்ளத்தில் பனி ஆழமாகக் குவியும், மரத்தில் உடல் மோதும். ஒரு திட்டம், அது முடியாவிட்டால் இன்னொரு திட்டம், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

குல்மார்க் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கொண்டோலா உங்களை ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில், அஃபர்வாட் மலைமுகட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். கேபிள் காரில் ஏறி வந்ததால் அது ரிசார்ட் என்று தோன்றும். காவல் உள்ள பகுதியைவிட்டு ஐந்து நிமிடம் பக்கவாட்டில் நகர்ந்தால் அது இமயமலை. 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். காஷ்மீரில் வரும் அரசு எச்சரிக்கை பெரும்பாலும் மாவட்டவாரியானது. ஒரு தனி மலைமுகத்தைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. அதனால் குல்மார்க் ஸ்கீ பட்ரோலிடம் நேரில் போய்க் கேட்பதும், உள்ளூர் வழிகாட்டியோடு போவதும் கட்டாயம்.

கருவிகள்

ஆளுக்கு மூன்று: பீக்கன் (சமிக்ஞை அனுப்பியும் பெற்றும் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோ கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (பனி அள்ளும் மண்வாரி). பீக்கன் உலகம் முழுவதும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது, எந்தக் கம்பெனி என்றாலும் ஒன்றையொன்று கேட்கும். உடலோடு கட்டியிருக்க வேண்டும், பையில் இருந்தால் பையைத்தான் கண்டுபிடிப்பார்கள். செல்போனையும் உலோகப் பொருட்களையும் அதிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், தேடும்போது 50. ஷவல் உலோகத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் உடையும்.

ஏர்பேக் (கைப்பிடியை இழுத்தால் பெரிய பலூனாக விரியும் முதுகுப்பை) வாங்கலாமா என்று கேட்பார்கள். விரிந்த ஏர்பேக், பெரிய சரிவில் சிக்கியவர்களின் உயிரிழப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அரிசிச் சாக்கைக் குலுக்கினால் பெரியது மேலே வருமே, அந்தத் தத்துவம்தான். ஆனால் மரத்திலும் பாறையிலும் மோதி இறப்பவர்களுக்கு அது உதவாது. பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் காயத்தால்தான் இறக்கிறார்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் பயிற்சி வகுப்பில் செலவிடுங்கள்.

மலையில்: ஒருவர் ஒருவராக, கண்ணைத் திறந்து

வண்டி நிறுத்திய இடத்திலேயே பீக்கன் சோதனை. ஒருவர் முன்னே போய் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றும் சமிக்ஞை அனுப்புகிறதா, பெறுகிறதா என்று பார்ப்பது. அணைத்து வைத்த பீக்கனோடு இறந்தவர்கள் உண்டு.

பிறகு பனி பேசுவதைக் கேளுங்கள். பக்கத்து மலையில் புதிதாக உடைந்த தடம். காலடியில் திடீரென்று 'வூம்ப்' என்று அடியில் ஏதோ சரியும் சத்தம். ஸ்கீயின் முனையிலிருந்து கண்ணாடி விரிசல் மாதிரி ஓடும் கோடு. கடந்த ஒன்றிரண்டு நாளில் கனத்த பனியோ பலத்த காற்றோ. திடீர் வெயில், மழை. இதில் ஒன்று தென்பட்டாலும் செங்குத்தான சாய்வு அன்றைக்கு இல்லை. அந்த 'வூம்ப்' சத்தத்தை நான் முதல்முறை கேட்டது தட்டையான ஒரு புல்வெளியில். காலுக்கடியில் தரை அரை அங்குலம் இறங்கியது. வயிறு கலங்கியது. சாய்வான இடமாக இருந்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும். திரும்பி நடந்தோம்.

ஆபத்தான சாய்வைக் கடக்கும்போது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். மற்றவர்கள் பனி வந்தாலும் எட்டாத இடத்தில் நின்று அவரையே பார்க்க வேண்டும். இந்த ஒரு விதி ஷீப் க்ரீக்கின் முடிவை மாற்றியிருக்கலாம். ஆறு பேர் அகப்படுவதும் ஒருவர் அகப்பட ஐந்து பேர் தோண்டுவதும் ஒன்றா?

இனி மனித மனம். இயன் மெக்கம்மன் என்ற ஆய்வாளர் 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 விபத்துகளைப் புரட்டிப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்களும் தெளிவான எச்சரிக்கைகள் கண்ணுக்கு முன்னால் இருந்தும் உள்ளே போயிருந்தார்கள். பழகின இடம், ஏற்கனவே போட்ட திட்டம், மற்றவர் மெச்ச வேண்டும் என்ற ஆசை, விவரமானவர் முன்னே போகிறார் என்ற நம்பிக்கை, நமக்கு முன்னால் யாரோ அந்தப் புதுப்பனியைத் தொட்டுவிடுவார்களோ என்ற பதற்றம். இவை அவர் கண்ட பொறிகளில் சில.

நம் ஆட்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். குழுவில் வயதில் மூத்தவர், அல்லது பத்து வருடம் முன்னே வந்தவர் இருந்தால், "அண்ணனுக்குத் தெரியாததா" என்று வாயை மூடிக்கொள்கிறோம். சந்தேகம் தொண்டை வரை வந்து நின்றுவிடும். இதற்கு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சாய்வுக்கு முன்னும் எல்லோரும் பேச வேண்டும், அனுபவம் குறைந்தவர் முதலில். யார் ஒருவர் "வேண்டாம்" என்றாலும் போவதில்லை. காரணம் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். மூத்தவர்கள் செய்ய வேண்டியது இன்னொன்று: வாரத்தில் ஒருநாளாவது நீங்களே முதலில் "இன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை, திரும்பலாம்" என்று சொல்லிக் காட்டுங்கள். சின்னவர்களுக்கு வாய் திறக்க அதுதான் அனுமதி.

பனி கிளம்பிவிட்டால்: சிக்கியவருக்கு

கத்துங்கள், மற்றவர்கள் உங்களைப் பார்க்க வேண்டும். ஏர்பேக் கைப்பிடியை உடனே இழுங்கள், முதல் நொடியிலேயே. முடிந்தால் பக்கவாட்டில் ஸ்கீ செய்து வெளியேறப் பாருங்கள். பலகை சில நொடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், ஆகவே இதற்கெல்லாம் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். கீழே போய்விட்டால் மேலே வரப் போராடுங்கள். வேகம் குறைவது தெரிந்ததும் கையை முகத்துக்கு முன் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். நின்ற நொடியில் பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது.

பனி நின்ற பிறகு: மேலே நிற்பவர்களுக்கு

தமிழர்களில் பலருக்குப் பனிச்சரிவு என்ற சொல்லே 2016 பிப்ரவரியில்தான் நெருக்கமானது. சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாமில் இருந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள், அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆறாவது நாள் ஒருவர் 25 அடி ஆழத்திலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டார். பிறகு டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அந்தச் செய்தி ஒரு தவறான எண்ணத்தையும் விட்டுச் சென்றது, பனிக்கடியில் நாள்கணக்கில் இருக்கலாம் என்று. அவர்கள் புதைந்தது முகாமோடு. கூடாரத்துக்குள் காற்று இருந்தது. ஸ்கீ செய்பவருக்குக் கூடாரம் இல்லை. முதல் 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். ஹெலிகாப்டர் அதற்குள் வராது. நீங்கள்தான் மீட்புக் குழு.

முதலில் ஒரு மூச்சு விட்டு மேலே பாருங்கள். இன்னொரு பலகை தொங்குகிறதா? உள்ளே போகலாமா? உங்களையும் புதைத்துக்கொண்டால் யாருக்கும் பயனில்லை. பிறகு:

1. ஒருவர் தலைமை ஏற்க வேண்டும். எத்தனை பேர் காணவில்லை என்று எண்ணுங்கள். அவரைக் கடைசியாகப் பார்த்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தேடல் அதற்குக் கீழே.

2. எல்லோரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். ஒருவர் மறந்தாலும் அவருடைய சமிக்ஞையைத் துரத்தி நிமிடங்கள் போய்விடும். ஆள் உபரியாக இருந்தால் ஒருவர் சாட்டிலைட் கருவியில் உதவி கேட்கட்டும். இரண்டே பேர் போய், ஒருவர் புதைந்து, நீங்கள் தனியாக நின்றால், ஒரு பொத்தானை அழுத்தும் நேரம் தவிர மற்றதெல்லாம் தேடலுக்கு.

3. கண்ணால் தேடுங்கள். கையுறை, ஸ்கீ முனை, பை. கண்ணில் பட்ட பொருளை இழுத்துப் பாருங்கள், ஆள் அதோடு இருக்கலாம்.

4. சமிக்ஞை கிடைக்கும்வரை வேகமாக, 40 மீட்டர் இடைவெளியில் வளைந்து வளைந்து இறங்குங்கள். கிடைத்ததும் அம்புக்குறியைப் பின்பற்றுங்கள், எண் குறைந்துகொண்டே வர வேண்டும். 10 மீட்டருக்குள் நிதானம். 3 மீட்டருக்குள் குனிந்து பீக்கனைப் பனியை ஒட்டிப் பிடித்து, திருப்பாமல் குறுக்கும் நெடுக்கும் நகர்த்தி மிகக் குறைந்த எண் காட்டும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

5. அங்கிருந்து புரோப் கம்பியைப் பனித்தளத்துக்குச் செங்குத்தாக இறக்குங்கள். படாவிட்டால் 25 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிச் சுருள் வடிவில். உடலில் பட்டால் கை உணரும், மெத்தையில் குத்தியது மாதிரி. அந்தக் கம்பியை எடுக்கக் கூடாது.

6. தோண்டுவதில்தான் நேரம் அதிகம் போகிறது. கம்பிக்கு நேர் மேலே தோண்டாதீர்கள், அவர் மூச்சுக்கு வைத்திருக்கும் இடத்தை மிதித்து நசுக்குவீர்கள். கம்பி காட்டும் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் கீழ்ப்பக்கம் போய், அங்கிருந்து அவரை நோக்கிக் குடையுங்கள். பலர் இருந்தால் முன்னால் ஒருவர் வெட்ட, பின்னால் உள்ளவர்கள் 'வி' வடிவில் நின்று பனியைத் தள்ளிவிட வேண்டும், முன்னால் இருப்பவரை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் உள்ளவருக்கே ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ள வேண்டியிருக்கும்.

பலர் புதைந்திருந்தால் யாரை முதலில் என்ற கேள்வி வரும். பக்கத்தில், மேலோட்டமாக இருப்பவரை. உறவு, நட்பு பார்த்தால் இருவரையும் இழப்பீர்கள். இதைச் சொல்வது சுலபம், எனக்குத் தெரியும். அதனால்தான் இதை முன்பே வண்டியில் உட்கார்ந்து பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

முகம் தெரிந்ததும் முதல் வேலை மூச்சுப்பாதை. வாயில் பனி அடைத்திருந்ததா, முகத்துக்கு முன் இடைவெளி இருந்ததா என்று நினைவில் வையுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். நெஞ்சை விடுவியுங்கள். மூச்சில்லை என்றால் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு 30 அழுத்தம், 2 ஊதல் என்று சிபிஆர். மாரடைப்பு மாதிரி நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதாது, இவர் காற்றில்லாமல் மயங்கியவர். உடலைக் கிடைமட்டமாக வைத்து, முரட்டுத்தனமாக அசைக்காமல், அடியிலும் மேலும் போர்த்துங்கள்.

எப்போது நிறுத்துவது? அது உங்கள் முடிவாக இருக்க வேண்டியதில்லை. மீட்புக் குழுவோ மருத்துவரோ பொறுப்பேற்கும்வரை, அல்லது உங்கள் உயிருக்கு ஆபத்து வரும்வரை, அல்லது உடல் ஓயும்வரை. ஆழ்ந்த குளிர் சில சமயம் மூளையைக் காப்பாற்றும். 1999இல் நார்வேயில் ஸ்கீ செய்யும்போது ஓடைப் பனிக்கடியில் சிக்கிய ஒரு மருத்துவரின் உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியிருந்தது, அவர் பிழைத்து மீண்டும் வேலைக்குப் போனார். பனிச்சரிவில் அப்படி நடப்பது அரிது. ஆனாலும் குளிர்ந்த உடலைப் பார்த்து நாமாக முடிவு கட்டக் கூடாது.

அவர் போய்விட்டார் என்றால்: அந்த மணி நேரங்கள்

இதைப் படிக்கும் யாருக்கும் இந்தப் பகுதி தேவைப்படக் கூடாது.

இப்போது உங்கள் பொறுப்பு உயிரோடு இருப்பவர்கள். அவர்கள் நனைந்திருப்பார்கள், நடுங்குவார்கள், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். சூடான எதையாவது குடிக்கக் கொடுங்கள். பாதுகாப்பான வழியில் வெளியே கூட்டிவாருங்கள். மலை இன்னும் ஆபத்தாக இருந்தால் மீட்புக் குழு உடலை எடுக்க மறுநாளோ அதற்கு மறுநாளோதான் வரும். நண்பனை அங்கே விட்டுவிட்டு இறங்குவது தாங்க முடியாத வேதனை. ஆனால் இறந்தவருக்காக இன்னொரு உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்பதில் மீட்புக் குழுவினர் உறுதியாக இருப்பார்கள், அவர்களோடு சண்டை போடாதீர்கள். கொலராடோவில் அவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அன்றிரவு அவர்களும் தூங்க மாட்டார்கள்.

படம், பெயர், இடம், எதையும் எங்கேயும் போடாதீர்கள். வாட்ஸாப் குழுவில் "பிரார்த்தியுங்கள்" என்றுகூட. அமெரிக்காவில் அடையாளத்தை உறுதி செய்வது பெரும்பாலும் கவுன்டியின் கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) வேலை, உறவினருக்குச் சொன்ன பிறகே பெயர் வெளியே வரும். அதற்கு முன் ஒரு ஃபார்வர்ட் மதுரைக்கோ மட்டக்களப்புக்கோ போய்ச் சேர்ந்து, பெற்ற தாய் அதைத் தனியாகக் கைபேசியில் படிப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

தாய் தகப்பன் ஊரில் இருந்தால் செய்தியை எப்படிச் சொல்வது? "ரொம்ப சீரியஸா இருக்கு" என்று சொல்லி மெதுவாக இறக்குவது நம் வழக்கம். அதன் பின்னால் உள்ள கருணை எனக்குப் புரிகிறது. ஆனால் கடல் தாண்டி இருப்பவர்களுக்கு அது வேலை செய்வதில்லை. எந்த ஆஸ்பத்திரி, டாக்டரிடம் பேச முடியுமா, விசா எடுக்கவா என்று நம்பிக்கையோடு ஓடத் தொடங்குவார்கள், பிறகு இரண்டாம் முறை விழுவார்கள். என் கருத்து இது: முதலில் அந்த ஊரில் உள்ள சித்தப்பாவையோ அத்தையையோ, நம்பகமான ஒருவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் போய் உட்கார்ந்த பிறகு அழையுங்கள். "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே சொல்லுங்கள். நீங்கள் கூட இருந்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள். கஷ்டப்பட்டாரா என்று கேட்பார்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தேடினோம், எடுத்தோம், விடாமல் முயன்றோம் என்பது அவர்களுக்கு வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் தகவல்.

உடலை இந்தியாவுக்கு அனுப்ப இறப்புச் சான்றிதழ், உடல் பதனச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், இந்தியத் துணைத்தூதரகத்தின் தடையில்லாச் சான்று முதலியன வேண்டும். இறுதிச்சடங்கு நிறுவனம் வழி சொல்லும். இந்த ஓட்டத்தை விபத்தில் கூட இருந்தவர் தலையில் போடாதீர்கள். உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தில் இதைச் செய்து பழகியவர்கள் பெரும்பாலும் இருப்பார்கள்.

அடுத்த நாட்கள்: பிழைத்தவரும், அறிக்கையும்

பிழைத்து வந்தவரை முதல் சில இரவுகள் தனியாக விடாதீர்கள். கதை கேட்பதற்காகப் போகாதீர்கள், சோறு கொண்டு போங்கள். எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் கூட்டு அமர்வுகள் முன்பு வழக்கத்தில் இருந்தன. கட்டாயமாகச் செய்தால் அவை உதவுவதில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகிறது என்று இப்போது தெரிகிறது. அவராகப் பேசினால் கேளுங்கள். "நான் அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கணும்" என்பார். "உன் தப்பு இல்லை" என்று வாயை அடைக்காதீர்கள், அவர் சொல்வதை முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். வாரங்கள் கடந்தும் தூக்கமில்லை, அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வருகிறது, குடி கூடுகிறது என்றால் மனநல நிபுணரிடம் கூட்டிப்போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் நேரடியாகக் கேளுங்கள், பக்கத்திலேயே இருங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். அமெரிக்க ஆல்பைன் கிளப் 2018 முதல் மலையில் ஒருவரை இழந்தவர்களுக்காகவே ஒரு துயர நிதியை நடத்துகிறது, சிகிச்சைச் செலவுக்கு அதில் விண்ணப்பிக்கலாம்.

பனிச்சரிவு மையத்திலிருந்து ஆள் பேசுவார். ஜிபிஎஸ் தடம், படங்கள், ஹெல்மெட் கேமரா பதிவு எல்லாவற்றையும் கொடுங்கள். கொலராடோ மையம் இறந்தவர்கள் பெயரைப் போடாமல் என்ன நடந்தது, எங்கே, எந்த அடுக்கு, என்ன முடிவுகள் என்று எழுதி வெளியிடுகிறது. ஷீப் க்ரீக்கில் நடந்தது எனக்குத் தெரிந்ததே அப்படி ஒரு அறிக்கையால்தான்.

ஊர் இரண்டு விதமாகப் பேசும். "முட்டாள்கள், போய்ச் செத்தார்கள்" என்று ஒரு கூட்டம். "பிடித்ததைச் செய்துகொண்டே போனான்" என்று இன்னொரு கூட்டம். இரண்டாவது ஆறுதலாகத் தோன்றும், ஆனால் இரண்டுமே கேள்வியை மூடிவிடுகின்றன. அவருக்குப் பிடித்தது மலை. மூச்சடைத்து இறப்பது யாருக்கும் பிடித்ததில்லை. அவர் எடுத்த முடிவில் தவறு இருந்தது என்று சொல்லிக்கொண்டே அவரை நேசிக்க முடியும். அதே காலையில், அதே நீல வானத்தில், அதே நண்பர்களோடு நானும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பேன் என்று உணர்ந்து படித்தால்தான் அந்த அறிக்கை நம் கண்ணைத் திறக்கும்.

ஒரு சமூகமே அப்படிப் படித்ததும் உண்டு. 2003இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஜனவரி 20 அன்று டுராண்ட் பனியாற்றில் ஏழு பேர், பிப்ரவரி 1 அன்று ரோஜர்ஸ் கணவாய் அருகே ஒரு பள்ளிக் குழுவில் ஏழு மாணவர்கள் இறந்தார்கள். யாரைப் பிடித்து உள்ளே போடுவது என்பதோடு அந்த நாடு நின்றுவிடவில்லை. 2004இல் தேசியப் பனிச்சரிவு மையம் வந்தது. மலைப்பாதைகளை எளிது, கடினம், மிகச் சிக்கல் என்று சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும்படி தரம் பிரித்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் குழுக்களுக்குப் பூங்காத் துறை தனி விதி கொண்டுவந்தது. இன்று அங்கே போகும் பலரும் அந்தத் தரப்பட்டியலைப் பார்த்து வழி தேர்ந்தெடுக்கிறார்கள்.

மறுபடி மலைக்குப் போவதா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். போகாதவரை இழுக்காதீர்கள், போகிறவரைக் குறை சொல்லாதீர்கள். போவதென்றால் முதல் நாள் தட்டையான காட்டுப்பாதையில், அரை நாள் மட்டும்.

வருடம் திரும்பும்போது நண்பர்கள் பெரும்பாலும் அந்தத் தேதியை இறந்தவரின் வீட்டாரிடம் குறிப்பிடத் தயங்குவார்கள், நினைவுபடுத்திவிடுவோமோ என்று. அவர்கள் மறந்தே இருக்க மாட்டார்கள். அன்றைக்கு ஒரு போன் போடுங்கள். அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மலையில் அவர் சிரித்த ஒரு படம் உங்களிடம் இருந்தால், அம்மா கேட்டால், அனுப்பிக் கொடுங்கள்.